மண்ணின் மக்களும் பன்னாட்டுச் சட்டமும்

1511-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள். திருவருகைக் காலத்தின் நான்காம் ஞாயிறு. கரீபியன் கடலில் உள்ள இஸ்பானியோலா தீவின் சாந்தோ தொமிங்கோ நகரில் திருப்பலிக்குக் கூடியிருந்தவர்கள் சாதாரண மனிதர்கள் அல்லர். கொலம்பசின் மகனும் தீவின் ஆளுநருமான தியேகோ முதல் வரிசையில் இருந்தார். அரசு அலுவலர்களும், தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் உரிமையாளரான ஸ்பானியரும் உடன் இருந்தனர். மறையுரை ஆற்ற எழுந்தவர் அந்தோனியோ தெ மொந்தேசினோஸ் என்னும் துறவி. புனித சாமிநாதர் நிறுவிய தோமினிக்கன் சபையைச் சார்ந்தவர். பாலைநிலத்தில் ஒலிக்கும் குரலைப் பற்றிய நற்செய்திப் பகுதியை அவர் எடுத்துக்கொண்டார். பாலைநிலம் என்பது தம் எதிரே அமர்ந்திருப்போரின் மனச்சான்றே என்றார்.

அன்று அவர் எழுப்பிய கேள்விகள் பல. தீவின் பூர்வகுடிகளாகிய தாய்னோ மக்களைச் சுரங்கங்களில் வாட்டி வதைப்பது எந்த நீதியைச் சார்ந்தது? தம் நிலத்தில் அமைதியாய் வாழ்ந்தவர்கள்மேல் போர் தொடுக்க உங்களுக்கு அதிகாரம் தந்தவர் யார்? அவர்களுக்கும் பகுத்தறிவும் ஆன்மாவும் இல்லையா? இந்த நிலையில் நீடித்தால் உங்களுக்கு மீட்பு இல்லை என்றும் அவர் கூறத் தயங்கவில்லை. மறையுரை முடிந்ததும் தலை நிமிர்ந்தவாறே இறங்கி, கூரை வேய்ந்த தம் எளிய இல்லத்திற்குத் திரும்பினார்.

உணவுவேளை முடிவதற்குள் ஆளுநரும் மற்றவர்களும் துறவியரின் இல்லத்திற்கு விரைந்தனர். அந்தத் துறவி தம் சொற்களைத் திரும்பப் பெறவேண்டும் என வற்புறுத்தினர். இல்லத் தலைவர் பேதுரோ தெ கோர்தோபா அமைதியாகப் பதிலளித்தார்: அது ஒருவரின் மறையுரை அன்று, துறவியர் அனைவரும் கூடி ஆய்ந்து எழுதி ஒப்பமிட்ட உரை. அடுத்த ஞாயிறன்று மொந்தேசினோஸ் மீண்டும் மேடை ஏறினார். மன்னிப்பை எதிர்பார்த்து வந்தவர்கள், முன்னதைவிடக் கடுமையான சொற்களைக் கேட்டுத் திரும்பினர்.

பூர்வகுடி மக்களின் உரிமைகளைப் பற்றிப் பன்னாட்டுச் சட்ட அறிஞர்கள் எழுதும் நூல்கள் பலவும் இந்த நிகழ்ச்சியைத் தொட்டே தொடங்குகின்றன. காரணம் தெளிவானது. அந்தத் துறவி இரக்கத்தை மட்டும் வேண்டவில்லை. எந்த உரிமையின் பேரில் இதைச் செய்கிறீர்கள் என்று கேட்டார். இரக்கம் அறத்தின் பாற்பட்டது; உரிமை சட்டத்தின் பாற்பட்டது. ஐந்து நூற்றாண்டுகளாக அந்தக் கேள்வி பயணம் செய்த பாதையை நாம் அறிந்துகொள்வது நலம். ஏனெனில் அந்தப் பாதையில் நம் திருச்சபையின் பெருமையும் உண்டு, சிறுமையும் உண்டு.

ஆணை ஏடுகள் அளித்த உரிமை

ஸ்பானியர் கையில் ஒரு விடை ஆயத்தமாய் இருந்தது. 1493-ஆம் ஆண்டு மே 4-ஆம் நாளிட்ட ஆணை ஏட்டில் திருத்தந்தை ஆறாம் அலெக்சாண்டர், அசோர்ஸ், கேப் வெர்டே தீவுகளுக்கு மேற்கே 100 லீகு தொலைவில் ஒரு கோடு வகுத்தார். அதற்கு அப்பால் கண்டறியப்படும் நிலங்களை, கிறிஸ்தவ மன்னர் எவருக்கும் முன்னரே உரியவையாக இல்லாவிடில், காஸ்தில் அரசுக்கு அளித்தார். அதற்கு முன் 1455-இல் திருத்தந்தை ஐந்தாம் நிக்கோலாஸ் ஆப்பிரிக்கக் கடற்கரையைப் பொறுத்துப் போர்த்துக்கல் அரசருக்கு இத்தகைய உரிமையை வழங்கியிருந்தார். நற்செய்தியைப் பரப்பும் கடமை இந்த உரிமைகளோடு பிணைக்கப்பட்டிருந்தது. இந்த வரிசையில் வந்த சலுகைகளே பின்னர் ‘பதுரவாதோ’ என்னும் ஞானாதிக்க உரிமையாக வளர்ந்து நம் கடற்கரைப் பங்குகளையும் ஆண்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் ஊர்களில் மூண்ட பதுரவாதோ, புரொப்பகாந்தா பூசல்களைப் பற்றி முதியோர் சொல்லக் கேட்டவர்களுக்கு, அந்தப் பழைய ஏடுகள் அப்படியொன்றும் தொலைவில் உள்ளவை அல்ல.

மொந்தேசினோசின் மறையுரை ஸ்பெயின் அரசவையை எட்டியது. 1512 டிசம்பரில் பூர்கோஸ் நகரில் சட்டங்கள் இயற்றப்பட்டன. அவை வேலை நேரத்தையும் உணவையும் ஒழுங்குபடுத்தின. ஆனால் பூர்வகுடிகளை ஸ்பானியரிடம் ஒப்படைத்து வேலை வாங்கும் ‘என்கோமியெந்தா’ முறையை அப்படியே விட்டுவைத்தன. அடுத்த ஆண்டில் பலாசியோஸ் ரூபியோஸ் என்னும் சட்ட அறிஞர் ஓர் அறிவிப்பைத் தயாரித்தார். படைகள் தாக்குமுன் அதை உரக்கப் படிக்கவேண்டும். உலகைப் படைத்த இறைவன், பேதுருவின் அதிகாரம், திருத்தந்தை அளித்த கொடை ஆகியவற்றை அது விளக்கியது. பணிந்தால் நலம், மறுத்தால் போரும் அடிமைத்தனமும் நேரும், அந்தக் குற்றமும் உங்களையே சாரும் என்று முடிந்தது. எழுத்தர் ஒருவர் அருகில் நின்று, படித்ததற்குச் சான்றொப்பம் இடவேண்டும்.

கேட்டவர்களுக்கு ஸ்பானிய மொழி தெரியாது. சில வேளைகளில் கேட்பவர்களே இல்லை. வெற்று ஊர்களை நோக்கியும் மரங்களை நோக்கியும் அது படிக்கப்பட்டது. இதை நினைத்துச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை எனப் பின்னாளில் எழுதினார் லாஸ் காசாஸ். சட்டத்தின் வடிவம் முழுமையாக இருந்தது. அதன் உயிர் மட்டும் இல்லை.

ஒரு குருவின் மனமாற்றம்

பர்த்தொலோமே தெ லாஸ் காசாஸ் 1484-இல் செவில் நகரில் பிறந்தவர். 1502-இல் இஸ்பானியோலாவுக்கு வந்தவர். தாமே பூர்வகுடிகளை வேலைக்கு வைத்துப் பொருள் ஈட்டியவர். குருவான பின்னும் அதைத் தொடர்ந்தவர். 1514-ஆம் ஆண்டு, கியூபாவில், தூய ஆவிப் பெருவிழா மறையுரைக்காகச் சீராக்கின் ஞானம் 34-ஆம் அதிகாரத்தைப் படித்துக்கொண்டிருந்தார். ஏழைகளிடமிருந்து பறித்ததைக் காணிக்கையாக்குவதைப் பற்றிய அந்தப் பகுதி அவரை நிலைகுலைய வைத்தது. சில வாரங்களில் தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட மக்களை விடுவித்தார். அதே ஆண்டு விண்ணேற்பு விழாவில் தம் செயலை வெளிப்படையாக அறிவித்தார். பின்னர் தோமினிக்கன் சபையில் சேர்ந்தார். சியாப்பாஸ் மறைமாவட்ட ஆயரானார். 1566-இல் இறக்கும்வரை அந்த ஒரே வழக்கை நடத்தினார்.

இத்தகைய மனிதரின் வாழ்விலும் ஆழ்ந்த கறை ஒன்று இருந்தது. தீவுகளின் மக்கள் மடிந்துகொண்டிருந்த காலத்தில், அவர்களுக்கு மாற்றாக ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுவரலாம் என்று 1516-இல் அவர் பரிந்துரைத்தார். ஆப்பிரிக்கர் பிடிக்கப்பட்ட விதமும் அதே அநீதிதான் என்பதைப் பின்னரே உணர்ந்தார். தாம் எழுதிய வரலாற்று நூலில் அந்தத் தவற்றை ஒப்புக்கொண்டு, தம் அறியாமை இறைத்தீர்ப்பின் முன் தமக்குச் சாக்காக அமையுமா என்பதில் உறுதியில்லை என்று குறித்தார். ஒரு மக்களின் துயரைக் காணும் கண், மற்றொரு மக்களின் துயரைக் காணாமல் போகலாம் என்பதற்கு இதைவிடக் கசப்பான சான்று வேண்டியதில்லை.

1537 ஜூன் 2-ஆம் நாள் திருத்தந்தை மூன்றாம் பவுல் ஓர் ஆணை ஏடு வெளியிட்டார். மேற்கிந்தியர் உண்மையான மனிதர்களே என்றும், அவர்கள் கிறிஸ்தவர்களாக இல்லாவிடினும் அவர்களின் விடுதலையையும் உடைமையையும் பறிக்கலாகாது என்றும் அது அறிவித்தது. அதை மீறுவோருக்குத் திருச்சபை விலக்கு என்னும் தண்டனையை விதித்த துணை ஆணை, பேரரசர் ஐந்தாம் சார்லசின் அழுத்தத்தால் மறு ஆண்டே திரும்பப் பெறப்பட்டது. கொள்கை நிலைத்தது, தண்டனை விலகியது.

சலமாங்காவின் வகுப்பறை

இந்தக் கேள்வியைச் சட்ட அறிவியலாக மாற்றியவர் ஒருமுறையேனும் அமெரிக்கக் கண்டத்தைக் கண்டவர் அல்லர். பிரான்சிஸ்கோ தெ வித்தோரியா 1526 முதல் சலமாங்கா பல்கலைக்கழகத்தில் இறையியலின் முதன்மை ஆசிரியராக இருந்தவர். பெருவில் நடந்த கொடுமைகளை நினைத்தால் தம் குருதி உறைகிறது என்ற கருத்தில் 1534-இல் நண்பர் ஒருவருக்கு மடல் எழுதியவர். 1539 சனவரியில் அவர் ஆற்றிய பேருரை, ஸ்பானியர் முன்வைத்த உரிமைகளை ஒவ்வொன்றாக எடுத்து எடை போட்டது.

ஸ்பானியர் வருமுன் அந்த மக்கள் தங்கள் நிலத்திற்கு உரிமையாளரா? ஆம், தனியுடைமையிலும் பொதுவுடைமையிலும் உண்மையான உரிமையாளரே. பாவமோ நம்பிக்கையின்மையோ உடைமையுரிமையை அழிப்பதில்லை. பேரரசர் உலகிற்கெல்லாம் தலைவரா? அல்லர். திருத்தந்தை உலகியல் அதிகாரத்தில் எல்லா நாடுகளுக்கும் தலைவரா? அல்லர், ஆகவே தமக்கு இல்லாததை அவர் பிறருக்குக் கொடையாக அளிக்க இயலாது. கண்டுபிடிப்பு உரிமை தருமா? உரிமையாளர் இல்லாத பொருளுக்கே அது பொருந்தும். அந்த மக்கள் கப்பலேறி வந்து நம்மைக் கண்டுபிடித்திருந்தால் நம் நாடு அவர்களுக்கு உரியதாகிவிடுமா? நற்செய்தியை ஏற்க மறுப்பது போருக்குக் காரணமாகுமா? ஆகாது. பேரரசரின் குடிமகனும் திருத்தந்தையின் பணியாளருமான ஒரு துறவி, ஒரே உரையில் இருவரின் உரிமைக் கோரிக்கையையும் மறுத்தார். அந்த ஆண்டு நவம்பர் 10-ஆம் நாள் பேரரசர் அவருடைய மடத்துத் தலைவருக்குக் கடிதம் எழுதினார்: துறவியர் இப்பொருள் பற்றிப் பேசுவதை நிறுத்தவேண்டும், எழுதியவற்றை ஒப்படைக்கவேண்டும்.

ஆனால் வித்தோரியாவின் உரை அத்துடன் முடியவில்லை. அடுத்த பகுதியில் அவர் நேர்மையான உரிமைகள் எனச் சிலவற்றை எண்ணினார். மனிதர் எவரும் எங்கும் பயணம் செய்யலாம்; வணிகம் நடத்தலாம்; நற்செய்தியை அறிவிக்கலாம். பூர்வகுடிகள் இவற்றை வன்முறையால் தடுத்தால், அந்த அநீதிக்கு எதிராகப் போர் தொடுக்கலாம். மனிதப் பலி போன்றவற்றிலிருந்து மாசற்றவர்களைக் காக்கவும் தலையிடலாம். ஒரு கையால் அடைத்த கதவை மறு கையால் சற்றே திறந்து வைத்தார் என்று சொன்னால் மிகையாகாது.

வல்லடோலிட் வாதம்

1550 ஏப்ரலில் பேரரசர், புதிய படையெடுப்புகளை நிறுத்தி வைத்து, வல்லடோலிட் நகரில் அறிஞர் குழு ஒன்றைக் கூட்டினார். படையெடுப்பு நேர்மையானது என வாதிட்டவர் செபுல்வேதா. சிலர் இயல்பிலேயே அடிமைகள் என்ற அரிஸ்டாட்டிலின் கருத்தை அவர் ஆதாரமாகக் கொண்டார். எதிர்த்து நின்றவர் லாஸ் காசாஸ். லத்தீனில் எழுதிய நெடிய பதிலை ஐந்து நாள் படித்தார். 1551-இல் குழு மீண்டும் கூடியது. முறையான தீர்ப்பு எதையும் அது வெளியிடவில்லை. படையெடுப்புகள் சிறிது காலத்திற்குப் பின் தொடர்ந்தன.

ஒரு பேரரசு தன் வெற்றியின் நேர்மையைத் தானே விசாரித்தது வரலாற்றில் அரிய நிகழ்ச்சி என்று அறிஞர் போற்றுவர். அது உண்மையே. ஆயினும் அந்த மண்டபத்தை நாம் கற்பனையில் ஒருமுறை சுற்றிப் பார்ப்போம். இறையியலார் இருந்தனர், சட்ட வல்லுநர் இருந்தனர், அரச அவையினர் இருந்தனர். எவருடைய மனிதத்தன்மை பற்றி வாதம் நடந்ததோ, அந்த மக்களுள் ஒருவரும் அங்கே வாதியாக நிற்கவில்லை. அவர்களைக் காத்துப் பேசியவரும் வெளியாரே. பழித்துப் பேசியவரும் வெளியாரே.

அவர்களுக்குப் பேசத் தெரியாமல் இல்லை. பெரு நாட்டின் பூர்வகுடிக் கிறிஸ்தவரான பெலிப்பே குவாமன் போமா, 1615-ஆம் ஆண்டளவில் ஸ்பெயின் மன்னருக்கு ஏறத்தாழ 1,200 பக்கங்களில் 398 சித்திரங்களுடன் ஒரு முறையீடு எழுதினார். ஆண்டிஸ் மலை நாட்டின் உரிமையாளர் அதன் மக்களே. ஸ்பானியர் அங்கு வந்தேறிகள் என்பது அவருடைய வாதம். 1908-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் அரச நூலகத்தில் அந்தக் கையெழுத்துப் பிரதி கண்டெடுக்கப்பட்டது. ஒரு மக்களின் குரல் உலகின் காதை எட்ட ஏறக்குறைய 300 ஆண்டுகள் ஆயின.

அடைக்கப்பட்ட கதவுகள்

பின்வந்த சட்ட அறிஞர்கள் வித்தோரியாவைத் தங்கள் தேவைக்கேற்பப் பயன்படுத்தினர். ஹாலந்தின் ஹியூகோ குரோஷியஸ் 1609-இல் வெளியிட்ட கடல் உரிமை பற்றிய நூலில், சாவகம், இலங்கை, மொலுக்கஸ் ஆகிய தீவுகளுக்குத் தங்கள் சொந்த அரசர்கள் உண்டு என்றும், கண்டுபிடிப்பின் பேரால் போர்த்துக்கீசியர் அவற்றுக்கு உரிமை கொண்டாட முடியாது என்றும் வாதிட்டார். வித்தோரியாவையே அதற்குச் சான்றாகக் காட்டினார். டச்சு வணிகர்களுக்குக் கடல்வழியைத் திறப்பதே அந்த வாதத்தின் நோக்கம். 1658-இல் அதே டச்சுக்காரர்கள் தூத்துக்குடியையும் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றினர். இலங்கைக் கத்தோலிக்கர் அவர்கள் ஆட்சியில் பட்ட பாடுகளை யோசேவாஸ் முனிவரின் வரலாறு வழியே நாம் அறிவோம். பிறர் ஆக்கிரமிப்பைக் கண்டிக்கும் சட்டம், தன் ஆக்கிரமிப்பைக் காணும்போது கண்மூடிக்கொள்வது புதிதன்று.

1758-இல் எம்மெரிக் தெ வாத்தேல், நிலத்தை உழுது பயிரிடுவது மனிதக் கடமை என்றும், அலைந்து திரியும் மக்கள் தங்களுக்குத் தேவைக்கு மிஞ்சிய நிலத்தைத் தமதெனக் கொள்ள இயலாது என்றும் எழுதினார். 1823-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி ஜான் மார்ஷல், கண்டுபிடிப்பு நிலத்தின் மேலுரிமையைக் கண்டறிந்த ஐரோப்பிய அரசுக்குத் தந்துவிடுகிறது. பூர்வகுடிகளுக்கு எஞ்சுவது குடியிருக்கும் உரிமையே என்று தீர்ப்பளித்தார். வித்தோரியா மறுத்த கோட்பாடு நீதிமன்றத்தின் சட்டமாயிற்று. 1894-இல் ஆங்கில அறிஞர் ஜான் வெஸ்ட்லேக், பன்னாட்டுச் சட்டம் நாகரிக நாடுகளுக்கு இடையிலானது என்றும், மற்ற மக்களை எப்படி நடத்துவது என்பது அந்தந்த அரசின் மனச்சான்றைப் பொறுத்தது என்றும் எழுதினார். மொந்தேசினோஸ் சட்டத்தின் முன் நிறுத்திய கேள்வி மீண்டும் இரக்கத்தின் வாசலுக்கே தள்ளப்பட்டது.

1923-இல் கனடாவின் ஆறு இனக் கூட்டமைப்பைச் சார்ந்த தெஸ்காகே என்னும் தலைவர் ஜெனீவாவுக்குச் சென்றார். தங்கள் மக்கள் எவருக்கும் அடிமைப்படாத ஓர் இனத்தார் என்றும், பழைய உடன்படிக்கைகள் மதிக்கப்படவேண்டும் என்றும் நாடுகளின் கழகத்திடம் முறையிட வந்தார். கழகத்தின் அவை அவருக்குத் திறக்கவில்லை. 1925-இல் அவர் இறந்தார். வல்லடோலிட்டில் அந்த மக்கள் அழைக்கப்படவே இல்லை. ஜெனீவாவில் அழைக்காமலே வந்து கதவைத் தட்டினார்கள்.

அறிஞரிடையே எழுந்த வாதம்

இருபதாம் நூற்றாண்டின் அறிஞர்கள் இந்த வரலாற்றை இருவிதமாகப் படித்தனர். அமெரிக்கச் சட்ட அறிஞர் ஜேம்ஸ் பிரவுன் ஸ்காட் 1934-இல், பன்னாட்டுச் சட்டம் ஸ்பெயினில் தோன்றியது என்றும், அதன் தந்தை வித்தோரியாவே என்றும் நிறுவ முயன்றார். எல்லா மக்களையும் ஒரே சட்டத்தின் கீழ் சமமாக வைத்தவர் அவர் என்பது இந்த வாசிப்பு. கத்தோலிக்கராகிய நாம் பெருமையோடு இதை ஏற்றுக்கொண்டோம்.

1990-இல் பூர்வகுடி அறிஞர் இராபர்ட் வில்லியம்ஸ் வேறு விதமாக எழுதினார்: ஐரோப்பியச் சட்டச் சிந்தனையே வெற்றிகொள்வதற்கான கருவியாக அமைந்தது. 2005-இல் இலங்கை வம்சாவளியினரான அந்தனி ஆங்கி இதை மேலும் கூர்மையாக்கினார். வித்தோரியா பூர்வகுடிகளைப் பகுத்தறிவுள்ள மனிதர் என்று ஏற்றது உண்மை. அப்படி ஏற்றதனாலேயே அவர்கள் உலகப் பொதுச் சட்டத்திற்குக் கட்டுப்பட்டவர் ஆயினர். அந்தப் பொதுச் சட்டமோ ஸ்பானியரின் பயணத்தையும் வணிகத்தையும் அளவுகோலாகக் கொண்டது. ஆகவே அவர்கள் எதிர்த்தால் குற்றவாளிகள் ஆயினர். சமத்துவமே தண்டனைக்கு வாயிலாயிற்று என்பது ஆங்கியின் வாதம்.

இரண்டில் எது சரி? இரண்டிற்கும் அந்த உரையிலேயே ஆதாரம் உண்டு என்பதே நேர்மையான பதில். வித்தோரியா நல்லவரா தீயவரா என்னும் ஆராய்ச்சியைவிட நமக்குப் பயன்படும் பாடம் வேறொன்று. எவ்வளவு நேர்மையான அறிஞராயினும், பாதிக்கப்பட்டவர் அருகில் இல்லாதபோது எழுதும் சட்டத்தில் வல்லவருக்கு ஒரு வழி எஞ்சிவிடுகிறது. எவ்வளவு பரிவுள்ளவராயினும், அவர்களோடு கலந்து பேசாமல் தரும் பரிந்துரை மற்றொரு மக்களின் விலங்காகிவிடுகிறது. லாஸ் காசாசின் வருத்தமும் இதையே கூறுகிறது.

பேசப்பட்டவர்கள் பேசினார்கள்

1957-இல் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு பூர்வகுடிகளைக் குறித்து 107-ஆம் ஒப்பந்தத்தை நிறைவேற்றியது. 1958-இல் இந்தியா அதை ஏற்றது. அந்த மக்களைப் படிப்படியாகப் பெருஞ் சமூகத்தில் கரைப்பதே அதன் நோக்கம். 1989-இல் வந்த 169-ஆம் ஒப்பந்தம் அந்த நோக்கத்தைக் கைவிட்டு, அவர்கள் தங்கள் வாழ்வையும் நிலத்தையும் தாமே நிர்ணயிக்கும் விருப்பத்தை மதித்தது. இந்தியா இதை ஏற்கவில்லை.

இடையில் ஒரு மாற்றம் நிகழ்ந்திருந்தது. 1977-இல் பூர்வகுடிப் பேராளர்கள் பலர் ஜெனீவாவில் கூடினர். 1982-இல் ஐக்கிய நாடுகள் அவை ஒரு பணிக்குழுவை அமைத்தது. தெஸ்காகேவுக்கு மூடியிருந்த நகரில் பூர்வகுடிகள் ஆண்டுதோறும் நேரில் வந்து பேசினர். அங்கு உருவான வரைவு நீண்ட இழுபறிக்குப் பின் 2007 செப்டம்பர் 13-ஆம் நாள் ஐ.நா. பொதுப்பேரவையில் சாற்றுரையாக நிறைவேறியது. ஆதரவு 144; எதிர்ப்பு 4; நடுநிலை 11. எதிர்த்தவை அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியன. பின்னர் நான்கும் தம் நிலையை மாற்றிக்கொண்டன. 46 பிரிவுகள் கொண்ட அந்தச் சாற்றுரையின் மையம், முன்கூட்டியே தகவலறிந்து தன்னுரிமையோடு தரும் இசைவு. மரங்களை நோக்கிப் படிக்கப்பட்ட அந்தப் பழைய அறிவிப்புக்கு இதுவே நேரெதிரான விடை.

ஆஸ்திரேலிய நிகழ்ச்சியும் குறிப்பிடத்தக்கது. எடி மாபோ டவுன்ஸ்வில் பல்கலைக்கழகத்தில் தோட்டப் பணியாளர். தம் முன்னோரின் மேர் தீவு நிலம் தம்முடையதே என்று நம்பியிருந்தார். அது சட்டப்படி அரசின் நிலம் என்பதை வரலாற்றாசிரியர் இருவரிடம் பேசியபோது அறிந்து திகைத்தார். 1982-இல் அவரும் மேர் தீவினர் சிலரும் வழக்குத் தொடுத்தனர். 1992 ஜூன் 3-ஆம் நாள் உயர் நீதிமன்றம், எவருக்கும் உரிமையில்லாத வெற்று நிலம் என்ற கோட்பாட்டை நிராகரித்து, மேர் மக்களின் உரிமையை ஏற்றது. மாபோ அதற்கு ஐந்து மாதங்களுக்கு முன்பே இறந்துவிட்டார். ஆனால் 2023 அக்டோபர் 14-ஆம் நாள், பூர்வகுடிகளுக்கு நாடாளுமன்றத்தில் கருத்துரைக்கும் ஓர் அமைப்பை அரசியல் சட்டத்தில் சேர்க்கும் திட்டத்தை ஆஸ்திரேலிய வாக்காளருள் ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் மறுத்தனர். கதவு திறப்பதும் அடைபடுவதும் இன்னும் முடியவில்லை.

திருச்சபையின் ஒப்புதல்

2005-இல்கூட அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பின் அடிக்குறிப்பில் கண்டுபிடிப்புக் கோட்பாட்டை மேற்கோள் காட்டியது. ஆறாம் அலெக்சாண்டரின் நிழல் அவ்வளவு நீளமானது. பூர்வகுடித் தலைவர்கள் பல ஆண்டுகள் உரோமையை நோக்கிக் குரல் எழுப்பினர். 2022 ஜூலையில் திருத்தந்தை பிரான்சிஸ் கனடாவுக்குச் சென்று, பூர்வகுடிக் குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்த உறைவிடப் பள்ளிகளில் கிறிஸ்தவர்கள் இழைத்த தீமைக்காக மன்னிப்புக் கேட்டார். 2023 மார்ச் 30-ஆம் நாள் வத்திக்கானின் இரு துறைகள் இணைந்து ஓர் அறிக்கை வெளியிட்டன. பூர்வகுடிகளின் இயல்பான மனித உரிமைகளை ஏற்காத கருத்துகளை, ‘கண்டுபிடிப்புக் கோட்பாடு’ எனப்படுவதையும் உள்ளிட்டு, திருச்சபை நிராகரிப்பதாக அது அறிவித்தது. அந்தப் பழைய ஏடுகள் மூவகை உண்மையை நம் முன் வைக்கின்றன: அவை நம் விசுவாசப் போதனையாக என்றும் கருதப்பட்டதில்லை, அரசுகள் அவற்றைத் தம் நலனுக்குத் திரித்தன, ஆயினும் பூர்வகுடிகளின் சம மாண்பை அவை போதிய அளவு வெளிப்படுத்தவில்லை. இந்த ஒப்புதலை வரவேற்ற பூர்வகுடித் தலைவர்களிலும் சிலர், ஏடுகளே முறைப்படி நீக்கப்படவேண்டும் என்று கோரினர்.

நம் நாட்டில் கேள்வி வேறு வடிவில் நிற்கிறது. இந்தியா 2007-இல் ஐ.நா. சாற்றுரைக்கு ஆதரவாக வாக்களித்தது. இந்தியர் அனைவரும் பூர்வகுடிகளே என்பது அதன் நிலை. ஆயினும் 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், காட்டில் வாழும் பழங்குடிகளுக்கு இழைக்கப்பட்ட வரலாற்று அநீதியைத் தன் முகவுரையிலேயே ஒப்புக்கொள்கிறது. 2013-இல் ஒடிசாவின் நியம்கிரி மலையில் சுரங்கம் அமைப்பதைக் குறித்து ஊர்ச் சபைகளே முடிவு செய்யட்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பன்னிரண்டு ஊர்ச் சபைகள் கூடின, பன்னிரண்டும் மறுத்தன. வல்லடோலிட்டில் இல்லாத குரல் அங்கே ஒலித்தது.

திருச்சி மாவட்டம் விரகாலூரில் 1937-இல் பிறந்த இயேசு சபைக் குரு ஸ்தனிஸ்லாஸ் லூர்துசாமி, மக்கள் அறிந்த பெயரில் ஸ்டான் சுவாமி, தம் வாழ்வின் பெரும்பகுதியை ஜார்க்கண்டின் ஆதிவாசிகளோடு கழித்தார். அவர்களின் நிலவுரிமைக்காகவும், விசாரணைக் கைதிகளாய் வாடிய இளைஞர்களுக்காகவும் எழுதினார், வழக்காடினார். 2020 அக்டோபரில் பீமா கோரேகான் வழக்கில் கைதானார், குற்றச்சாட்டுகளை மறுத்தார். நடுக்கவாத நோயால் கை நடுங்கிய அந்த முதியவர், நீர் அருந்த ஓர் உறிஞ்சு குவளை வேண்டும் என்று நீதிமன்றத்தை நாட வேண்டியிருந்தது. 2021 ஜூலை 5-ஆம் நாள், பிணை மனு நிலுவையில் இருக்கும்போதே, மும்பையில் 84-ஆம் வயதில் இறந்தார். அவர் நம்மில் ஒருவர். நம் மொழியில் செபம் கற்றவர்.

நாம் பெரும்பாலும் மொந்தேசினோசின் இடத்தில் நம்மை வைத்தே இந்த வரலாற்றைப் படிக்கிறோம். நாம் உண்மையில் அமர்ந்திருப்பது எதிர்வரிசையிலா என்று எண்ணிப் பார்ப்பது நல்லது. நம் வீட்டு மின்சாரமும், நம் பாத்திரத்து அலுமினியமும் எந்த மலையிலிருந்து வருகின்றன? எந்த ஊர் மக்கள், தங்களுக்குப் புரியாத மொழியில் எழுதிய தாளில் கைநாட்டு வைத்தார்கள்? அந்த ஞாயிறன்று கோவிலில் இருந்தவர்கள் கொடியவர்களாகத் தங்களை எண்ணியிருக்க மாட்டார்கள். தவறாமல் திருப்பலி காணும் நல்ல கிறிஸ்தவர்களாகவே எண்ணியிருப்பார்கள். மறையுரை தங்களைச் சுட்டியபோதுதான் சினந்தார்கள்.

திருவருகைக் காலம் ஆண்டுதோறும் வருகிறது. பாலைநிலத்துக் குரல் பற்றிய அதே நற்செய்தி நம் கோவில்களில் படிக்கப்படுகிறது. சட்டம் எழுதுவோர் எழுதட்டும், அறிஞர் வாதிடட்டும். அந்தக் குரல் படிக்கப்படும் வேளையில், எவருடைய குரலை நாம் இதுவரை கேட்க அமரவில்லை என்று ஒரு கணம் எண்ணிப் பார்த்தால், 1511-இல் கேட்கப்பட்ட கேள்விக்கு நம் பங்கிலிருந்து ஒரு விடை தொடங்கும்.